விளிம்பை அளந்தவள்

ஊரில் அவளுக்கு அளவுக்காரி என்று பேர். தையல் வேலை செய்கிறவள் என்று நினைத்து, துணியும் கையுமாக வீடு தேடி வந்து ஏமாந்தவர்கள் உண்டு. அவள் அளந்தது துணியை அல்ல. கடலை ஒட்டி நிற்கும் குன்றின் விளிம்பை.

முப்பத்தொரு வயதில் நகராட்சியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். மற்றவர்களுக்குத் தெருவும் சந்தையும் கிடைத்தன, இவளுக்குக் காட்சிமுனை. ஊரிலிருந்து மூன்று மைல் தள்ளி, பஸ் போய்த் திரும்புகிற கடைசி நிறுத்தம். காலை ஏழு மணிக்குக் கேட்டைத் திறக்க வேண்டும். காகிதக் கோப்பை, பழத்தோல், அறுந்த செருப்பு எல்லாவற்றையும் பெருக்கி அள்ள வேண்டும். வேலி தாண்டிப் போய்ப் போட்டோ எடுக்கிறவர்களைக் கத்திக் கூப்பிட வேண்டும். மாலை ஆறு மணிக்குக் கடைசி ஆளையும் கிளப்பிவிட்டு, பூட்டைப் போட்டு, பஸ் ஏற வேண்டும். அந்தப் பஸ்ஸை ஓட்டியது அவள் கணவன். அதனால் ஒருநாளும் பஸ் அவளை விட்டுவிட்டுப் போனதில்லை, இருவரும் சண்டை போட்டிருந்த சில நாட்களைத் தவிர.

குன்று இரண்டு அடுக்காக இருந்தது. அடியில் கறுத்த, கெட்டியான பாறை, இரண்டு ஆள் உயரம். அதன்மேல் எண்பதடிக்குச் செம்மண்ணும் மணலும் படிந்த அடுக்கு. மழை அறுத்த இடங்களில் அந்த மண்ணுக்குள் சிப்பிகள் தெரியும். என்றைக்கோ அதுவும் கடலடியாக இருந்ததுதான். மேலே ஒரு புல்வெளி, இடுப்பளவு கம்பிவேலி, நாலு பெஞ்சு, காசு போட்டால் திறக்கும் ஒரு தொலைநோக்கி. வேலிக்கு அந்தப் பக்கம், செங்குத்தான மண்சுவரில் வருடா வருடம் சின்னக் குருவிகள் கூட்டமாக வந்து, அலகால் குடைந்து, பொந்து பொந்தாகக் கூடு வைக்கும். கீழே நின்று பார்த்தால் சுவர் முழுக்க யாரோ விரலால் குத்தி வைத்தது போல இருக்கும்.

மனிதர்களும் அந்த இடத்தைச் சும்மா விட்டுவைக்கவில்லை. முதலில் மீனவர்கள் அங்கே ஆள் நிறுத்தினார்கள். கடலின் நிறம் மாறுவதை மேலிருந்து பார்த்து மீன் கூட்டம் எந்தப் பக்கம் போகிறதென்று துணியை வீசிக் காட்டுவான் அந்த ஆள். பிறகு ஒரு போர்க்காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் வந்து, கடல் பக்கம் நீளமாக ஒரு ஜன்னல் வைத்த கான்கிரீட் அறையைக் கட்டினார்கள். எதிரிக் கப்பல் ஒன்றுகூட வரவில்லை. சண்டை முடிந்ததும் அறையை ஆடுகளுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். ரோடு வந்தது, டீக்கடை வந்தது, வேலி போட்டுக் காட்சிமுனை என்று பலகை நட்டார்கள்.

அவள் சேர்ந்தபோது அந்தப் பட்டாளத்து அறையின் ஒரு மூலை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. டீக்கடைச் சுவரில் மாட்டியிருந்த பழைய போட்டோவிலோ, அறைக்கும் விளிம்புக்கும் நடுவே பட்டாளத்துக்காரர்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் போட்டோவை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். பெரிதாக ஒன்றும் தோன்றியதில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு பெண்மணி ஜீப்பில் வந்து இறங்கினார். பாறைகளைப் பற்றி ஆராய்கிறவர். ஊரார் பாறை டாக்டர் என்று பேர் வைத்தார்கள். வேலியை ஒட்டி, பத்துப் பத்தடி இடைவெளியில் பதினோரு இரும்பு முளைகளை அடித்து இறக்கினார். ஒவ்வொரு முளையிலிருந்தும் விளிம்பு எவ்வளவு தூரம் என்று மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். அதற்கு உள்ளூரில் ஓர் ஆள் தேவைப்பட்டது.

"உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமாம்மா?"

"எட்டாவது வரைக்கும் படிச்சேங்க. கணக்குல மட்டும் நூத்துக்கு நூறு."

"மத்ததுல?"

"அதை ஏங்க இப்பக் கேக்குறீங்க?"

பாறை டாக்டர் சிரித்துவிட்டு நாடாவை அவள் கையில் கொடுத்தார். நாடாவைத் தொய்வில்லாமல் பிடிப்பது, விளிம்பருகே குப்புறப் படுத்துக்கொண்டே கையை நீட்டுவது, இடுப்புக் கயிற்றை வேலித்தூணில் கட்டுவது எல்லாம் இரண்டே நாளில் பழகிவிட்டது. மூன்றாம் மாதம் நாலாம் முளையில் ஒரு சாண் குறைந்திருந்தது. தப்பாக அளந்துவிட்டோமோ என்று மறுபடி அளந்தாள். ஒரு சாண்தான். முந்தின நாள் துடைப்பத்தோடு அந்த இடத்தில்தான் நின்றிருந்தாள். அன்றைக்குப் பஸ்ஸில் வீடு போகும் வரை அவள் கணவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினான்.

இரண்டு வருடத்தில் ஆராய்ச்சி முடிந்தது. இனி அளக்க வேண்டாம், மிகவும் நன்றி என்று பாறை டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை அவள் வழக்கம்போல நாடாவை எடுத்துக்கொண்டு போனாள்.

"வேண்டாம்னுதானே எழுதியிருக்காங்க?" என்றான் கணவன்.

"அவங்களுக்கு வேண்டாம். நான் அங்கதானே நிக்கிறேன்."

 அடுத்த வருடம் பட்டாளத்து அறை ஒரு காற்று நாளில் அப்படியே கீழே போய்விட்டபோது, அவனே கடையில் ஒரு புது நோட்டு வாங்கி வந்து கொடுத்தான்.

வருடங்கள் போயின. நோட்டுகள் சேர்ந்தன. காய்ச்சலோடு போய் அளந்திருக்கிறாள். மகள் பிறந்த மாதம் மட்டும் கணவனை அனுப்பினாள். அவன் கொண்டு வந்த அளவுகளை நம்பாமல் கைக்குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சரிபார்த்தாள். இரண்டு முளையில் அவன் தப்பாக அளந்திருந்தான். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுவாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயதானபோது நகராட்சி அங்கே கார் நிறுத்தத் தார் போட்டுப் பெரிய இடம் அமைத்தது. மழைத்தண்ணீர் ஓட ஓரத்தில் ஒரு கால்வாய். கால்வாய் ஒரு குழாயில் போய் முடிந்தது. குழாய் மண்ணுக்கடியில் போனது. அது எங்கே போய் வெளிவருகிறதென்று யாரும் கேட்கவில்லை, அவள் உட்பட.

அதற்கு அப்புறம் நோட்டில் ஒரு மாறுதல் தெரிந்தது. ஒன்று முதல் ஐந்து வரையிலான முளைகளும் ஒன்பது முதல் பதினொன்று வரையிலானவையும் எப்போதும் போல வருடத்துக்கு நாலு விரல், ஐந்து விரல் என்று குறைந்தன. ஆறும் ஏழும் எட்டும் மட்டும் முழம் முழமாகக் குறைந்தன. நாலைந்து வருடம் இப்படியே போக, ஒரு வருடம் குருவிகளும் வேறு மாதிரி நடந்துகொண்டன. மற்ற இடமெல்லாம் பொந்து வைத்தவை, ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே ஒன்றுகூட வைக்கவில்லை.

"குருவியே வீட்டைக் காலி பண்ணிருச்சு" என்று டீக்கடைக்காரரிடம் சொன்னாள். "அங்க மண்ணுல ஏதோ ஈரம் இருக்குண்ணே."

"கடல் பக்கத்துல ஈரம் இல்லாம வறட்சியாவா இருக்கும்?" என்றார் அவர்.

அடுத்த பெருமழையில் அவள் குடையை மடக்கி வைத்துவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தண்ணீரின் பின்னாலேயே நடந்தாள். தார்த்தரையில் விழுந்தது ஒரு சொட்டுகூட மண்ணில் இறங்காமல் கால்வாய்க்கு ஓடியது. கால்வாயிலிருந்து கொளகொளவென்று குழாய்க்குள் போனது. குழாய் போகும் திசையில் காலால் அளந்துகொண்டே நடந்தாள். நேராக ஏழாம் முளையில் வந்து நின்றாள். எட்டிப் பார்த்தால் குழாயின் வாய் எங்கும் தெரியவில்லை. அப்படியானால் இவ்வளவு தண்ணீரும் குன்றின் வயிற்றுக்குள்தான் போகிறது.

மனு எழுதினாள். நகராட்சியிலேயே குமாஸ்தாவாக இருந்த நாத்தனார் அதைத் தட்டச்சு செய்து கொடுத்தாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். மூன்றாவது மனுவுக்கு, தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அந்தப் பதிலைத் தட்டச்சு செய்ததும் நாத்தனார்தான்.

"அண்ணி, இதை நானே அடிச்சு, நானே உங்களுக்குக் கொண்டு வந்து தர்றேன். வெக்கமா இருக்கு" என்றாள்.

"நீ என்னடி செய்வே. அடுத்த மனு எழுதலாம், பேப்பர் எடு."

அவளுக்கு ஐம்பது வயதான வருடம் புதிதாக ஒரு பொறியாளர் வந்தார். சுறுசுறுப்பான மனிதர், மரியாதை தெரிந்தவர். காட்சிமுனையில் கண்ணாடித் தரை போட்ட மேடை ஒன்று கட்டி, கடலுக்கு மேலே நீட்டுவதாகத் திட்டம். வரைபடத்தை வேலியில் விரித்து வைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அவள் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள். மேடையின் கால்கள் ஏழாம் முளையில் இறங்கின.

"சார், இந்த இடம் வேண்டாம் சார்."

"ஏம்மா, இங்கதானே காட்சி நல்லா இருக்கு?"

"காட்சி நல்லாத்தான் இருக்கு. மண்ணு நல்லா இல்லை."

அவர் பொறுமையாக விளக்கினார். "நாங்க முப்பதடி ஆழத்துக்குத் தூண் இறக்கப்போறோம்மா. கடலரிப்பை எல்லாம் கணக்குப் பண்ணியாச்சு."

"தூண் நிக்கும் சார். அதைச் சுத்தி இருக்கிற மண்ணும் நிக்கணுமே. இங்க கடல் அரிக்கலை, நம்ம தண்ணிதான் அரிக்குது."

அவர் புன்னகையோடு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டார்.

பொதுமக்கள் கருத்துக் கூட்டம் நகராட்சி மண்டபத்தில் நடந்தது. பதினேழு வருட நோட்டுகளை ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் பேச எழுந்து, ஆறாம் முளை, ஏழாம் முளை என்று ஆரம்பித்ததுமே பின்வரிசையில் யாரோ, "பெருக்குற அம்மா பேசுறாங்க, எல்லாரும் காலைத் தூக்கிக்கோங்க" என்றார்கள். மண்டபம் சிரித்தது. அவள் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள். அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்து, பதினோரு முளைகளின் கணக்கையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். நோட்டுகளைப் பையில் வரிசையாக அடுக்கி வைத்தாள்.

எண்கள் சரியாக இருக்கலாம், ஆனால் தண்ணீர் உள்ளே போகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார் பொறியாளர். திட்டம் கைதூக்கி ஒப்புக்கொள்ளப்பட்டது.

"போதும் அண்ணி" என்றாள் நாத்தனார், வெளியே வந்ததும். "வேலைக்கே உலை வெச்சுருவாங்க."

"அவர் ஆதாரம் கேட்டாரு. கேட்டதைக் குடுக்கணும்ல?"

எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. பாறை டாக்டரின் பழைய கடித உறையில் இருந்த முகவரிக்கு எழுதினாள். அவர் ஓய்வு பெற்று வேறு நாட்டுக்கே போய்விட்டிருந்தார். கடிதம் கைமாறிக் கைமாறிப் போய்ச் சேர்ந்து, இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. இத்தனை வருடம் அளந்திருக்கிறீர்களா என்று முதல் பக்கம் முழுக்க வியப்பு. இரண்டாம் பக்கத்தில் வேலை: மழை பெய்யும்போது குழாயில் சாயம் கரைத்து ஊற்றுங்கள். கேக்குக்குப் போடுகிற சிவப்பு நிறமே போதும், யாருக்கும் கெடுதல் இல்லை. கெட்டிப் பாறையும் மண்ணும் சேருகிற கோட்டில் அது கசிகிறதா என்று பாருங்கள். குன்றுக்கு நேர்கீழே மட்டும் நிற்காதீர்கள்.

அவள் இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "சிவப்பு ஆகாது. மண்ணே சிவப்பு. அது மண்ணோட நிறம்னு சொல்லிருவாரு. பச்சை வாங்கிட்டு வாங்க."

கணவன் பேக்கரிக்குப் போய் இருந்த பச்சை நிறம் முழுவதையும் கேட்டான். பேக்கரிக்காரர் புட்டிகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "இவ்வளவு பச்சையில என்ன கேக்கு? யாருக்குப் பொறந்தநாள்?" என்று விசாரித்தார்.

"குன்றுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தான்.

மழை பிடித்த இரண்டாம் நாள், கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து, பொறியாளரையும் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தாள். காலை பத்து மணிக்குக் கால்வாயில் பச்சையைக் கரைத்தாள். குழாய் அதைக் கடகடவென்று குடித்தது. அவளும் கணவனும் பொறியாளருமாகச் சுற்றுப்பாதையில் இறங்கிக் கடற்கரைக்குப் போய், தூரத்தில் ஒதுங்கி நின்று மண்சுவரைப் பார்த்தார்கள். பொறியாளர் ஷூக்களைக் கையில் பிடித்திருந்தார். ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரம் போயிற்று. சுவர் கறுப்பாகவும் சிவப்பாகவும் நின்றதே தவிர, பச்சை வரவில்லை.

"அம்மா, நீங்க முயற்சி பண்ணீங்க. நானும் வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். குரலில் கேலி இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

அவள் கிளம்பவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைப் போர்வையை எடுத்தாள்.

"இது நம்ம வீட்டுப் போர்வையாச்சே" என்றான் கணவன்.

"வெள்ளையா இருக்கறது இது ஒண்ணுதான். அந்தக் கழியைப் பிடிங்க."

இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டிய நீளக் கழி. போர்வையின் ஒரு ஓரத்தில் கற்களை வைத்துத் தைத்திருந்தாள். எட்டி நின்றபடியே, கழி முனையால் போர்வையைத் தூக்கி, கெட்டிப் பாறையின் விளிம்பில் கற்கள் உட்காரும்படி போட்டாள். நாலு தடவை நழுவி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கழியால் இழுத்து எடுத்து மறுபடி தூக்கினாள். ஐந்தாம் தடவை நின்றது. ஏழாம் முளைக்கு நேர்கீழே, பாறையில் ஒட்டிக்கொண்டு போர்வை தொங்கியது.

மறுநாள் மதியம் மழை விட்டது. நாத்தனார் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தாள். இரண்டு பேரும் கடற்கரையில் இறங்கினார்கள். போர்வையைப் பார்த்ததும் நாத்தனார் நின்றுவிட்டாள்.

"அண்ணி... எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"

மேல் ஓரத்திலிருந்து கீழ்வரை, ஒரு கை அகலத்துக்கு, இளம்பச்சையாக ஒரு பட்டை இறங்கியிருந்தது. இரு பக்கமும் வெள்ளை. அளவுக்காரி கழியால் போர்வையைக் கீழே இழுத்தாள். பிழியாமல், மடிக்காமல், இரண்டு பேருமாக விரித்துப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்கள். பஸ்ஸிலும் விரித்துப் பிடித்தபடியே கொண்டு போனார்கள். பயணிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பொறியாளர் மேஜையில் கண்ணாடி மேடையின் வரைபடம் விரித்திருந்தது. அதன்மேலேயே ஈரப் போர்வையை விரித்தாள். தண்ணீர் சொட்டி வரைபடத்தின் கோடுகள் கரைந்தன.

"கேட்டீங்களே சார், ஆதாரம். நேத்துக் காலைல பத்து மணிக்கு ஊத்தினது. வர்றதுக்கு ஒரு நாள் ஆகியிருக்கு. அவ்வளவு நேரம் எங்க சார் தங்கியிருந்துச்சு?"

அவர் எழுந்து நின்று பட்டையைத் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார். 

"உங்க நோட்டெல்லாம் எங்கம்மா இருக்கு?"

"வீட்ல. ஆனா குடுக்கமாட்டேன். நீங்க வந்து, என் முன்னாடி உட்கார்ந்து எழுதிக்கோங்க."

அவர் வந்தார். அவள் வீட்டுச் சமையலறை மேஜையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எழுதினார். எழுத எழுத முகம் மாறியது. நாலாம் வாரம் ஐந்தாம் முளையிலிருந்து ஒன்பதாம் முளைவரை வேலி முப்பதடி உள்ளே தள்ளிப் போடப்பட்டது. கார் நிறுத்தத்துக் கால்வாயை உடைத்து, மறுபக்கப் பள்ளத்துக்குத் திருப்பினார்கள். கண்ணாடி மேடை ஒத்திவைக்கப்பட்டது. அதற்காகப் பொறியாளர் மேலதிகாரிகளிடம் நிறையத் திட்டு வாங்கினார் என்று நாத்தனார் சொன்னாள். டீக்கடைக்காரருக்கும் கோபம், மேடை வந்திருந்தால் கூட்டம் வந்திருக்கும் என்று ஒரு வருடம் அவளோடு பேசவில்லை.

இரண்டாம் வருடக் கோடையில், மழை ஒரு துளிகூட இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு அவள் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புல்வெளியில் பத்திருபது பேர். எல்லாரும் புது வேலிக்கு இந்தப் பக்கம். முதலில் பலகை முறிவது போல ஒரு சத்தம். பழைய வேலியில் பிடுங்காமல் விட்டிருந்த தூண்கள் மூன்றும் ஒன்றாகத் தலைசாய்ந்தன. பிறகு புல்லும் மண்ணும் அப்படியே, அவசரமே இல்லாமல், கீழே போயின. குன்றளவுக்குச் செம்புழுதி எழுந்தது. கடல் வெகுதூரத்துக்குச் சிவந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். அளவுக்காரி துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், "பின்னாடி போங்க, எல்லாரும் பின்னாடி போங்க" என்று கத்தி எல்லாரையும் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்தாள். எண்ணிப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள். பூட்டைப் போட்டாள். அதற்குப் பிறகுதான் ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். டீக்கடைக்காரர் ஒரு கோப்பை டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஒரு வருடத்தில் அவர் சொன்ன முதல் வார்த்தை, "குடிம்மா."

ஏன் தண்ணீரைத் திருப்பிய பிறகும் விழுந்தது என்று பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டார். "எட்டு வருஷம் குடிச்சது, ஒரே நாள்ல வத்திடுமா?" என்றாள். விழுந்தது ஆறும் ஏழும் எட்டும். மிச்சம் எட்டு முளைகள். அந்த எட்டும் அதற்குப் பிறகு வருடத்துக்கு நாலு விரல் என்ற பழைய கணக்கிலேயே போய்க்கொண்டிருந்தன. மேடையை வேறு ஒரு முனையில், கண்ணாடி இல்லாமல் மரத்தில், விளிம்பிலிருந்து அறுபதடி உள்ளே கட்டினார்கள். இடத்தை அவளைக் கேட்டுத்தான் குறித்தார்கள். நாற்பதடி போதும் என்றார் பொறியாளர். அறுபதுக்குக் குறைந்தால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். அவள் கையெழுத்துத் தேவையே இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அறுபதடி என்று எழுதிக்கொண்டார்.

இப்போது அவளுக்கு அறுபத்துமூன்று வயது. ஓய்வு பெற்றாகிவிட்டது. பொறியாளருக்கு மாற்றல் வந்து, வேறு ஒருவர் வந்தார். வந்த முதல் வாரமே அவர் முகவரி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார்.

"துறைமுகம் பக்கம் இன்னொரு குன்று இருக்குதும்மா. அங்க மேலே பள்ளிக்கூடம் கட்டலாமான்னு கேக்குறாங்க. நீங்க ஒருதடவை வந்து..."

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிவிட்டாள். "மழைத்தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கினாள்.